ரெண்டே வருஷம் ஆடிட்டு கலைஞ்சுபோன டீமோட வரலாறை எழுதுறது எப்படி: ஊராங் இந்தியன்ஸ் காட்டுன வழியில நம்ம ஊரு கபடி டீம்

உங்க ஊர்லயும் ஒரு டீம் இருந்திருக்கும். கபடியோ வாலிபாலோ ஃபுட்பாலோ எதுவா வேணா இருக்கட்டும், ஒரு ரெண்டு மூணு வருஷம் சுத்துப்பட்டு ஊரெல்லாம் போய் ஆடிருப்பாங்க, ஷீல்டு வாங்கிட்டு வந்து டீக்கடை அலமாரியில வச்சிருப்பாங்க, அப்புறம் ஒருத்தர் சிங்கப்பூர் போயிட்டாரு, ஒருத்தர் திருப்பூர் போயிட்டாரு, ஒருத்தருக்கு முட்டி போயிடுச்சுன்னு அப்படியே கலைஞ்சிருப்பாங்க. இப்ப போய் அந்த டீம்ல யார் யாரு ஆடுனாங்கன்னு கேட்டுப் பாருங்க, நாலு பேரு நாலு லிஸ்ட் சொல்லுவாங்க. அதை உக்காந்து விசாரிச்சு சரியா எழுதி வைக்கிறது எப்படின்னு எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

நான் மன்னார்குடிப் பக்கம். எங்க பெரியப்பா ஆடுன கபடி டீமைப் பத்தி ரெண்டு வருஷமா விசாரிச்சு எழுதிட்டு இருக்கேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னே புரியாம இருந்தப்ப எனக்கு வழி காட்டுனது அமெரிக்காவுல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆடுன ஒரு டீம். பேரு ஊராங் இந்தியன்ஸ். 1922, 1923னு ரெண்டே சீசன் தான் ஆடுனாங்க. ஆனா அவங்க யாரு, எங்கேருந்து வந்தாங்க, எத்தனை மேட்ச் ஜெயிச்சாங்கன்னு இன்னிக்கும் எடுத்து சொல்ல முடியுது. எப்படி முடியுதுன்னு பாத்தா நமக்கு வேண்டிய பாடம் அத்தனையும் அதுலயே இருக்கு, அதனால அந்தக் கதையை மொதல்ல முழுசா சொல்லிடுறேன்.

அமெரிக்கன் ஃபுட்பால் பாக்காதவங்களுக்கு ஒரு ரெண்டு வரி. பக்கத்துக்கு 11 பேரு, பந்து முட்டை மாதிரி நீளமா இருக்கும், பெரும்பாலும் கையில வச்சுகிட்டு தான் ஓடுவாங்க. 4 தடவைக்குள்ள 10 கஜம் முன்னேறணும், முடியலன்னா பந்து எதிர் டீமுக்குப் போயிடும். ஓடுறவனை கட்டிப்பிடிச்சு கீழ சாய்க்கணும், நம்ம கபடியில ரைடரை இடுப்புல கை போட்டு அமுக்குற மாதிரியே. கோட்டைத் தாண்டிட்டா டச்டவுன், 6 பாயிண்ட். கபடி பாத்து வளந்தவனுக்கு இந்த ஆட்டம் பத்து நிமிஷத்துல பிடிபட்டுடும்.

ஒஹாயோ மாநிலத்துல லாரூன்னு ஒரு சின்ன ஊரு. ஜனத்தொகை ஆயிரம் கூட கிடையாது, நம்ம பக்கம் ஒரு கிராமத்துல பாதி. அங்க வால்டர் லிங்கோன்னு ஒருத்தரு ஏர்டேல்ங்கிற ஜாதி நாயை வளத்து, தபால்ல ஆர்டர் எடுத்து நாடு முழுக்க வித்துட்டு இருந்தாரு. அந்தப் பண்ணைக்குப் பேரு ஊராங். கிங் ஊராங்னு ஒரு பேர்போன நாய் இருந்துச்சு, அதோட பேரு தான் பண்ணைக்கு, பின்னாடி டீமுக்கும் அதே பேரு. நாய் வியாபாரத்துக்கு விளம்பரம் வேணும், அதுக்கு ஊர் ஊரா சுத்துற ஒரு டீம் இருந்தா நல்லாருக்கும்னு 1922ல என்.எஃப்.எல். லீக்ல, அதாவது காசுக்கு ஆடுற அமெரிக்கன் ஃபுட்பால் டீம்களோட லீக்ல, ஒரு டீமுக்கு இடம் வாங்குறாரு. அதுக்குக் கட்டுன காசு 100 டாலர், அவரு விக்கிற ஒரு நாயோட விலை 150 டாலர். இன்னிக்கு அந்த லீக்ல ஒரு டீம் வாங்கணும்னா எத்தனை ஆயிரம் கோடி ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இன்னைய தேதி வரைக்கும் அந்த லீக்ல டீம் வச்சிருந்த ஊர்கள்லயே ரொம்ப சின்ன ஊரு லாரூ தான்.

டீம்ல ஆடுனவங்க அத்தனை பேரும் அமெரிக்கப் பூர்வகுடிகள், அவங்களைத் தான் அங்க இந்தியன்ஸ்னு சொல்லுவாங்க, நம்ம நாட்டுக்காரங்க இல்ல. தலைவரும் அவரு தான் கோச்சும் அவரு தான்னு நின்னவரு ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ல பென்டத்லான் (அஞ்சு போட்டி சேந்தது), டெகத்லான் (பத்து போட்டி சேந்தது) ரெண்டுலயும் தங்கம் வாங்கின அதே ஜிம் தோர்ப் தான். 1920ல அந்த லீக் வேற பேர்ல ஆரம்பிச்சப்ப அதுக்கு மொத தலைவரும் அவரு. அவரு கூட ஜோ கையான், பீட் கலாக், எல்மர் புஷ், லியோன் பவுட்வெல், நிக்கோலஸ் லாசான்னு ஒரு பட்டாளம். இதுல தோர்ப்பும் கையானும் இப்ப அந்த விளையாட்டோட ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க. தோர்ப்புக்கு 1963ல, கையானுக்கு 1966ல அந்த மரியாதை கிடைச்சுது.

இப்படி ஆளுங்க இருந்தும் டீம் ஜெயிக்கல. ரெண்டு சீசன்லயும் சேத்து லீக் மேட்ச்ல 4 வெற்றி, 16 தோல்வி. தோர்ப்புக்கு அப்பவே முப்பத்தஞ்சு வயசு ஆகப்போகுது, பல பேரு ஆட்டத்தோட நல்ல வயசைத் தாண்டிட்டாங்க. லாரூல கிரவுண்டே கிடையாது, சொந்த ஊரு மேட்ச்னு பேருக்கு ஆடுனதும் பக்கத்து டவுன் மேரியன்ல தான், மத்ததெல்லாம் வெளியூரு. வாரம் பூரா நாயைப் பழக்குறது, மேய்க்கிறதுன்னு பண்ணை வேலையும் பாக்கணும். ஹாஃப்டைம் ஆச்சுன்னா எல்லா டீமும் உக்காந்து மூச்சு வாங்கும், இவங்க ஓய்வெடுக்க முடியாது. நாய்களை வச்சு வித்தை காட்டணும், ஆடணும், கோடாலி வீசணும், ஒருத்தரு கரடியோட மல்லுக்கட்டுவாரு. அதைப் பாக்கத்தான் கூட்டம் வந்துச்சு. ரெண்டாவது வருஷம் அந்தப் புதுமை போயிடுச்சு, டீமும் வரிசையா தோத்துச்சு, லிங்கோ காசு போடுறதை நிறுத்திட்டாரு. அதோட முடிஞ்சுது.

எனக்கு இதைப் படிச்சப்ப மனசு ரொம்ப கனத்துப் போச்சு. ஒலிம்பிக்ல தங்கம் வாங்கின மனுஷன் நாய் விளம்பரத்துக்காக ஹாஃப்டைம்ல நிக்க வேண்டியிருந்திருக்கு. ஆனா அவங்க அத்தனை பேரோட பேரையும் யாரோ சில பேரு தேடித் தேடி எழுதி வச்சிருக்காங்க, அதனால தான் இன்னிக்கு நான் மன்னார்குடியில உக்காந்துகிட்டு பீட் கலாக்னு ஒரு பேரை டைப் பண்ண முடியுது.

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்க. போன்ல எழுதாதீங்க, போன் மாறும், உடையும், மெசேஜ் மேல மெசேஜ் வந்து அடியில போயிடும். நோட்டோட மொத பக்கத்துல டீமோட பேரு, எந்த வருஷத்துலேருந்து எந்த வருஷம் வரைக்கும், யாரு ஆரம்பிச்சது, எங்க பிராக்டிஸ் பண்ணாங்க, இவ்வளவு தான். அதுலயே பாதிக்கு கேள்விக்குறி தான் வரும், வரட்டும். எனக்கு எங்க டீமோட பேரே ரெண்டு கிடைச்சுது, ஊர்ல ஒரு பேரு, நோட்டீஸ்ல ஒரு பேரு. ரெண்டையும் எழுதுங்க, எது சரின்னு நீங்களே அன்னிக்கே தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

அடுத்தது ஆட்டக்காரங்க பேரு. இதுல தான் நான் பெரிய தப்பு பண்ணேன், அதனால இதை நிதானமா படிங்க.

ஊராங் டீம்ல நிக்கோலஸ் லாசாங்கிறவரை நோட்டீஸ்ல, பேப்பர்ல எல்லாம் லாங் டைம் ஸ்லீப்னு தான் போடுவாங்க, அதாவது நெடுநேரம் தூங்குறவன். காலையில அவரை எழுப்புறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுமாம், அதனால அந்தப் பேருன்னு சொல்றாங்க. கரடியோட மல்லுக்கட்டுனவரும் அவரு தான். இன்னும் சில பேருக்கும் இப்படி ஷோவுக்குன்னே போட்ட பேருங்க உண்டு, பாக்குற கூட்டத்துக்கு இந்தியன் பேரு மாதிரி இருக்கணும்ல. இதுல கொடுமை என்னன்னா அவங்கள்ல நிறைய பேரு பென்சில்வேனியாவுல கார்லைல்னு ஒரு ஸ்கூல்ல படிச்சவங்க. 1879ல ஆரம்பிச்சு 1918 வரைக்கும் நடந்த ஸ்கூல் அது, பூர்வகுடி பிள்ளைங்களை வீட்டை விட்டு தூரமா கொண்டுபோய் முடியை வெட்டி, தாய்மொழி பேசக்கூடாதுன்னு சொல்லி, பேரையும் மாத்துன இடம். அப்ப பாருங்க, ஒரு மனுஷனுக்கு வீட்ல ஒரு பேரு, ஸ்கூல்ல ஒரு பேரு, கிரவுண்ட்ல ஒரு பேரு. ஜிம் தோர்ப்புக்கே அவரு ஜனங்க வச்ச பேரு வா-தோ-ஹக், ஒளி விழுந்த பாதைன்னு அர்த்தம் சொல்றாங்க. இதுல எதை விட்டாலும் ஆளைத் தவற விட்டுடுவோம்.

நம்ம ஊர்லயும் இதே தான். கபடி டீம்ல யாருக்கு சொந்தப் பேரு இருந்துச்சு, எல்லாம் பட்டப்பேரு. எங்க டீம்ல லெஃப்ட்ல ஆடுன ஒருத்தரை கொக்குன்னு தான் எல்லாரும் சொல்லுவாங்க, காலு நீளம், ஒரு எட்டுல போனஸ் கோட்டைத் தொட்டுட்டு வந்துடுவாராம். நான் கேட்ட பத்து பேருல பத்து பேரும் கொக்குன்னு தான் சொன்னாங்க, நானும் அப்படியே எழுதிட்டேன். லிஸ்ட் முடிஞ்சுதுங்கிற சந்தோஷத்துல ஒரு பேப்பர்ல அடிச்சு டீக்கடை செவுத்துல ஒட்டுனேன், யாராச்சும் பாத்து விட்டுப்போனதை சொல்லட்டும்னு. மறுநாள் சாயங்காலம் ஒருத்தரு எக்ஸெல் வண்டியில வந்தாரு, பின்னாடி புல்லுக்கட்டு, வண்டியை ஸ்டாண்டு கூட போடல, ஒரு காலை ஊனிகிட்டு அந்தப் பேப்பரை மேலேருந்து கீழ வரைக்கும் படிச்சாரு. அப்புறம் என்னைப் பாத்து, "தம்பி, ஏழாவதா போட்டிருக்கிறது எங்க அப்பாங்க. மத்த ஆறு பேருக்கும் இனிஷியலோட பேரு இருக்கு. எங்க அப்பாவுக்கு பேரு இல்லைங்களா?"ன்னு கேட்டாரு. கோவமா கூட கேக்கல. பர்ஸ்லேருந்து ரேஷன் கார்டு ஜெராக்ஸை எடுத்து, மடிச்ச இடத்துல கிழிஞ்சிருந்ததை விரலால சேத்துப் பிடிச்சுகிட்டு, இந்தாங்க இது தான் பேருன்னு காட்டுனாரு. நான் அங்கேயே அந்தப் பேப்பரைக் கிழிச்சேன். ஆறு பேரு மேலத்தெரு, அவரு ஒருத்தரு மட்டும் காலனி. நான் வேணும்னு செய்யல, ஆனா காலனிக்குள்ள போய் ஒரு வீட்டுலயும் நான் கேக்கவே இல்லைங்கிறது உண்மை.

அதனால நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. அதுல பட்டப்பேரு, வீட்ல கூப்பிடுற பேரு, ஸ்கூல் இல்லன்னா ரேஷன் கார்டுல உள்ள பேரு, அப்பா பேரு, தெரு, எந்த இடத்துல ஆடுனாரு, இதெல்லாம் தனித்தனி வரியா வரணும். மேலத்தெரு, கீழத்தெரு, காலனி, ஆத்துக்கு அந்தப்பக்கம், எல்லா இடத்துலயும் நீங்களே நடந்து போய் கேளுங்க, ஒரு தெருவுக்காக இன்னொரு தெருக்காரரு சொல்றதை கடைசி வார்த்தையா எடுத்துக்காதீங்க. அந்தக் கொக்கோட சொந்தப் பேரு இப்ப என் நோட்டுல மொத பக்கத்துல இருக்கு. வெளிய எழுதலாமான்னு அவரு மகன்கிட்ட நான் இன்னும் கேக்கல, அதனால இங்க போடல. நீங்களும் உயிரோட இருக்கிறவங்ககிட்டயும் குடும்பத்துகிட்டயும் கேட்டுட்டு தான் வெளியிடணும்.

பேருக்கு ஒரு மனுஷன் கொடுத்த விலையைப் பத்தி ஒன்னு சொல்லிடுறேன், தோர்ப் விஷயம் தான். 1909, 1910ல அவரு வட கரோலினாவுல சின்ன சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடுனாரு. அந்தக் காலத்துல காலேஜ் பசங்க லீவுல இப்படி ஆடுறது சகஜம், ஆனா மாட்டிக்கக் கூடாதுன்னு பொய்ப்பேர்ல ஆடுவாங்க. இவரு சொந்தப் பேர்லயே ஆடுனாரு. காசுக்கு ஆடுனவன் ஒலிம்பிக்ல ஆடக்கூடாதுன்னு அப்ப சட்டம், அதைக் காட்டி 1913ல ரெண்டு தங்கத்தையும் புடுங்கிட்டாங்க. 1953ல அவரு செத்துப்போனாரு, மெடல் திரும்பக் குடுக்கிற முடிவு 1982ல தான் வந்துச்சு, மறு வருஷம் அவரு பிள்ளைங்க கையில குடுத்தாங்க. அதுலயும் இன்னொருத்தரோட சேத்து ஜெயிச்சவர்னு தான் இருந்துச்சு, தனி சாம்பியன் இவரு தான்னு ஒத்துக்கிட்டது 2022ல. 110 வருஷம்.

அடுத்து மேட்ச் விவரம். இதுக்கு உங்க ஊர்ல தேடாதீங்க, எதிர் டீம் ஊர்ல போய் தேடுங்க. ஊராங் டீமோட மேட்ச் எல்லாம் கேன்டன், ஆக்ரன், டேட்டன், சிகாகோ, கொலம்பஸ்னு வெளியூர்ல தான் நடந்துச்சு, அதனால அந்த ஊரு பேப்பர்ல எல்லாம் ஸ்கோர் வந்திருக்கு. பக்கத்து டவுன் மேரியன்ல வந்த மேரியன் ஸ்டார் பத்திரிகை கூட சாதாரண பத்திரிகை கிடையாது, அப்ப அமெரிக்க ஜனாதிபதியா இருந்த வாரன் ஹார்டிங் நடத்துன பத்திரிகை. நமக்கு அந்த வசதி இல்ல, கிராமத்து கபடியை அந்தக் காலத்துல பேப்பர்ல ரெண்டு வரி போட்டாலே பெருசு. ஆனா நமக்கு வேற ஒன்னு இருக்கு, வரவு செலவு நோட்டு.

பொங்கலுக்கோ கோயில் திருவிழாவுக்கோ டோர்னமெண்ட் நடத்துன ஊர்ல ஒரு பொருளாளர் இருந்திருப்பாரு, வசூல் நோட்டு அவரு வீட்டுப் பரண்ல இருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஊர்ல எனக்கு அப்படி ஒரு நோட்டு கிடைச்சுது. கரையான் ஒரு ஓரத்தைத் தின்னிருந்துச்சு, மை பழுப்பாயிடுச்சு. அதுல எங்க ஊர் பேரைப் போட்டு, "சாப்பாடு 9 நபர், பஸ் கூலி, சோடா"ன்னு எழுதி எதிர்ல தொகை போட்டிருந்துச்சு. கீழயே "மூன்றாம் பரிசு"ன்னு ஒரு வரி. எங்க ஊர்ல எல்லாரும் அந்த டோர்னமெண்ட்ல ரெண்டாவது வந்தோம்னு தான் முப்பது வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. அதை விட எனக்கு முக்கியமா பட்டது அந்த 9 தான். ஆடுறது 7 பேரு, அப்ப கூடப் போன ரெண்டு பேரு யாரு? அது வரைக்கும் என் லிஸ்ட்ல 7 பேரு தான் இருந்தாங்க. அந்த சாப்பாட்டுக் கணக்கு இல்லன்னா அந்த ரெண்டு பேரைத் தேடணும்னே எனக்குத் தோணியிருக்காது. அதனால பரிசு கணக்கை மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க, சோடா கணக்கு வரைக்கும் படிங்க.

நோட்டீஸ் அச்சடிச்ச பிரஸ், ஷீல்டு செஞ்சு குடுத்த கடை, குரூப் போட்டோ எடுத்த ஸ்டுடியோ, இதெல்லாமும் கேக்க வேண்டிய இடம். ஷீல்டைக் கையில எடுத்தா முன்பக்கத்தோட விட்டுடாதீங்க, பின்பக்கம் தகரத்துல கடை பேரும் சில நேரம் வருஷமும் கீறியிருக்கும்.

தோத்ததையும் எழுதணும், இதுல சமரசமே கூடாது. ஊராங் டீம் 1922ல ஆக்ரன்கிட்ட 62-0ன்னு தோத்திருக்கு. அதையும் எழுதியிருக்காங்க, மேரியன்ல கொலம்பஸ் டீமை 20-6ன்னு ஜெயிச்சதையும் எழுதியிருக்காங்க. ரெண்டும் இருக்கிறதால தான் அந்த ஜெயிச்சதை நம்ப முடியுது. மூணாம் பரிசுன்னு நான் எழுதுனதுக்கு ஊர்ல ரெண்டு பேரு என்கிட்ட ஒரு வாரம் பேசல, அந்த நோட்டு பக்கத்தை போட்டோ எடுத்து வந்ததைக் காட்டுன அப்புறம் தான் சரியானாங்க. அதனால எதைப் பாத்தாலும் அப்பவே போட்டோ எடுத்துடுங்க. இன்னொன்னு, லீக் மேட்ச் வேற, சும்மா ஆடுன மேட்ச் வேற. அந்தக் காலத்துல அமெரிக்க டீம்களும் லீக்குக்கு வெளிய நிறைய ஆடும், ரெண்டையும் கலந்தா கணக்கு மாறிடும். நம்ம ஊர்லயும் டோர்னமெண்ட் மேட்சையும் மாட்டுப்பொங்கலுக்கு மேலத்தெரு கீழத்தெரு ஆடுன மேட்சையும் தனித்தனி பக்கத்துல எழுதுங்க.

தேதி பிடிக்கிறது கஷ்டமான வேலை, ஆனா நம்ம டெல்டாவுல அதுக்கு நல்ல ஆணி நிறைய இருக்கு. "எந்த வருஷம்?"னு நேரா கேட்டா யாருக்கும் ஞாபகம் வராது. "கும்பகோணம் மகாமகத்துக்கு முன்னாடியா பின்னாடியா?"ன்னு கேளுங்க. 1980, 1992, 2004, 2016, பன்னெண்டு வருஷத்துக்கு ஒன்னு, குடும்பத்தோட போய் குளிச்சிருப்பாங்க, மறக்காது. நாகப்பட்டினத்தைப் பெரட்டிப் போட்ட புயல்னா 1977 நவம்பர். எம்.ஜி.ஆர். செத்தப்பன்னா 1987 டிசம்பர். சுனாமின்னா 2004 டிசம்பர், கஜான்னா 2018 நவம்பர். ஐ.ஆர். 8 நெல்லு வந்த புதுசுன்னு ஒரு தாத்தா சொன்னாருன்னா அறுபதுகளோட கடைசின்னு வச்சுக்கலாம். மேட்டூர் வழக்கமா ஜூன் 12ல தொறக்கணும், தள்ளிப்போன வருஷம் எதுன்னு விவசாயிக்கு ஞாபகம் இருக்கும், "அந்த வருஷம் குறுவை கிடையாது, எல்லாரும் சும்மா தான் இருந்தோம், அதான் தினமும் பிராக்டிஸ்"னு ஒருத்தரு சொன்னாரு, அதுலயே எனக்கு டீம் ஏன் அந்த வருஷம் நல்லா ஆடுச்சுங்கிறதும் சேந்து கிடைச்சுது. மாசத்தைப் பிடிக்கணும்னா கிரவுண்டைப் பத்தி கேளுங்க, சம்பா அறுத்த வயல்ல ஆடுனோம்னா தை, மாசி. காலை வெட்டுற அறுப்புக்கட்டையை மம்முட்டியால சீவி, தண்ணி தெளிச்சு மிதிச்சு கிரவுண்டு போட்டதை ஆளாளுக்கு சொல்லுவாங்க, அதையும் எழுதிக்குங்க.

தேதி சரியா பிடிபடலன்னா ரெண்டையும் போடுங்க. ஜிம் தோர்ப் பொறந்தது 1887ன்னும் எழுதுறாங்க, 1888ன்னும் எழுதுறாங்க, அவ்ளோ பெரிய மனுஷனுக்கே அப்படி.

பேசப் போறப்ப சில விஷயம் பாத்துக்கணும். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிற நேரத்துல போகாதீங்க, நடவு அறுவடை நேரத்துலயும் வேண்டாம். காலையில டீ குடிச்சுட்டு திண்ணையில உக்காந்திருப்பாங்க பாருங்க, அது தான் நேரம். பெரியவங்க கூட்டமா இருக்கிற இடத்துல கேட்டா ஒருத்தரு குரல் பெருசா இருக்கும், மத்தவங்க ஆமாம் போடுவாங்க, அதனால தனித்தனியா போங்க. போன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா சொல்லிட்டு பண்ணுங்க. எந்த மேட்ச் ஜெயிச்சீங்கன்னு ஆரம்பிச்சா எல்லாரும் ஒரே மாதிரி தான் பேசுவாங்க, "எப்ப அடிபட்டீங்க, எப்படி வீடு வந்து சேந்தீங்க"ன்னு கேட்டுப் பாருங்க. கடைசி பஸ்ஸை விட்டுட்டு கோரையாத்துக் கரையோட இருட்டுல ஷீல்டைத் தூக்கிகிட்டு நடந்து வந்த கதையை எங்க பெரியப்பா அப்படித்தான் சொன்னாரு, யாரு தூக்குனாங்க, யாரு லைட்டு புடிச்சாங்கன்னு அதுல நாலு பேரோட பேரு கிடைச்சுது. அப்புறம் வீட்ல உள்ள பொம்பளைங்ககிட்ட கட்டாயம் கேளுங்க. பெரியப்பாவுக்கு முன்பல்லு எந்த வருஷம் போச்சுன்னு அவருக்குத் தெரியல, பெரியம்மா யோசிக்காம சொன்னாங்க, "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப தான்டா போச்சு, பொண்ணு பாக்க வந்தப்ப வாயைத் தொறக்கவே இல்ல".

குரூப் போட்டோ கிடைச்சா ஃப்ரேமை விட்டு பிரிச்சு எடுக்காதீங்க, பழைய படம் கண்ணாடியோட ஒட்டியிருக்கும், உரிஞ்சு வந்துடும். வாசல்ல வெளிச்சத்துல வச்சு ஃப்ளாஷ் இல்லாம எடுங்க. பிரிண்ட் போட்டு ஒவ்வொரு தலைக்கும் மேல ஒரு நம்பர் போட்டுட்டு, ஒருத்தர் சொன்ன விடையை அடுத்தவருக்குக் காட்டாம கேளுங்க. மூணு பேரு ஒரே பேரைச் சொன்னா எழுதலாம். போட்டோவைக் கடனா வாங்கிட்டுப் போகவே போகாதீங்க, எங்க டீமோட ஒரே ஒரு கலர் போட்டோ அப்படி ஒருத்தரு வாங்கிட்டுப் போய் இன்னி வரைக்கும் திரும்பல.

காசு போட்டவரைப் பத்தியும் ஒரு பக்கம் எழுதணும். லிங்கோ இல்லன்னா ஊராங் டீமே இல்ல, அது உண்மை. எங்க டீமுக்கும் ஒரு ரைஸ் மில்லுக்காரரு தான் பனியன் எடுத்துக் குடுத்தாரு, முதுகுல மில்லு பேரு. அதை நன்றியோட எழுதுங்க, ஆனா ஒரு பக்கம் போதும். மண்ணுல விழுந்தவங்களுக்குத் தான் மிச்ச பக்கம்.

டீம் ஏன் கலைஞ்சுதுங்கிறதுக்கு ஒரே காரணம் சொல்லுவாங்க, அதோட நிறுத்தாதீங்க. ஊராங் டீமுக்கே தோல்வி, வயசு, ஷோவோட புதுமை போனது, முதலாளி கையை விட்டது எல்லாம் சேந்து தான் முடிவு வந்துச்சு. கலைஞ்சதுக்கு அப்புறம் ஆளுங்க என்ன ஆனாங்கன்னும் எழுதுங்க. ஜோ கையான் 1927ல நியூயார்க் ஜயண்ட்ஸ் சாம்பியன் ஆன டீம்ல ஆடுனாரு. தோர்ப்போ கிடைச்ச கூலி வேலையெல்லாம் பாத்து கஷ்டத்துல தான் செத்தாரு, அவரு பேரை பென்சில்வேனியாவுல ஒரு ஊரே வச்சுகிட்டது அதுக்கு அப்புறம் தான்.

இதெல்லாம் பழைய டீமுக்கு மட்டும்னு நெனச்சுடாதீங்க. 2012ல எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியான்னு ஒன்னு வந்துச்சு, இதே அமெரிக்கன் ஃபுட்பால் தான், சென்னைக்குக் கூட ஸ்வார்ம்னு ஒரு டீம் இருந்துச்சு. அதுவும் ரொம்ப நாள் நிக்கல. உங்களுக்குத் தெரிஞ்ச யாராச்சும் அதுல ஆடிருந்தா இப்பவே போய் உக்காந்து கேளுங்க, எல்லாரும் இன்னும் நல்ல வயசுல தான் இருப்பாங்க.

எழுதி முடிச்சதும் ஒரு இருபது காப்பி ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பண்ணுங்க. ஆடுனவங்க வீட்டுக்கு ஆளுக்கு ஒன்னு, ஊர் நூலகத்துக்கு ஒன்னு, ஸ்கூலுக்கு ஒன்னு, எதிர் டீம் ஊர் பொருளாளருக்குக் கட்டாயம் ஒன்னு. ஸ்கேன் பண்ணி இன்டர்நெட் ஆர்க்கைவ்னு பழைய புஸ்தகமெல்லாம் சேத்து வைக்கிற வெப்சைட்ல ஏத்திட்டா ஊர்ல எல்லா காப்பியும் கரையான் தின்னாலும் ஒன்னு இருக்கும். பின்னாடி நாலு பக்கம் வெறுமையா விடுங்க, குடுத்த ஒரு வாரத்துல யாராச்சும் வந்து "இது விட்டுப்போச்சு"ம்பாங்க.

வர்ற பொங்கலுக்கு எங்க ஊர் மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்த 9 பேரு பேரையும் மைக்ல படிக்கணும்னு கமிட்டியில கேட்டிருக்கேன், சரின்னுட்டாங்க. 8 பேரு கிடைச்சாச்சு. ஒன்பதாவது ஆளு ஆத்துக்கு அந்தப்பக்கத்துலேருந்து சைக்கிள்ல வருவாராம், ரைட் கார்னர்ல நிப்பாராம், முழங்கால்ல எப்பவும் சிவப்புத் துணி கட்டியிருப்பாராம், இவ்வளவு தான் தெரியும். ஞாயித்துக்கிழமை காலையில அந்தப்பக்கம் போறேன்.